வெளிநாட்டு ஆசிரியர் வேலை: போட்டோவும் லைசென்ஸும் சரியாக இருக்கிறதா?

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று நம் கடற்கரை ஊர்களில் வெளிநாட்டில் ஆள் இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். முன்பெல்லாம் கடைக்கும் கம்பெனிக்கும் போனார்கள். இப்போது பி.எட். முடித்த பிள்ளைகள் ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கிறார்கள். மாலத்தீவு, துபாய், ஓமன், சிலர் அமெரிக்கா வரைக்கும். ஸ்டுடியோவோடு சேர்த்து ஆன்லைன் விண்ணப்ப வேலையும் செய்வதால் அவர்களுடைய காகிதங்கள் தினமும் என் கைக்கு வருகின்றன. படிப்பு, அனுபவம், ஆங்கிலம் எல்லாம் நன்றாக இருந்தும், போட்டோ சரியில்லை, டிரைவிங் லைசென்ஸில் பெயர் ஒட்டவில்லை என்று விண்ணப்பம் நின்றுபோவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. இவை இரண்டும் முன்கூட்டியே சரிசெய்யக்கூடியவை.

முதலில் போட்டோ. “காக்கா (எங்கள் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), கொஞ்சம் கலராக்கி விடுங்களேன்” என்று கேட்காத ஆளே இல்லை. கல்யாண ஆல்பத்துக்கு என்றால் செய்யலாம். விசா போட்டோவுக்குச் செய்யவே கூடாது. அந்தப் படத்தைப் பாஸ்போர்ட்டில் உள்ள முகத்தோடும், நேரில் வந்து நிற்கிற முகத்தோடும் ஒப்பிடத்தான் போகிறார்கள். நிறத்தை ஏற்றி, மச்சத்தை அழித்து, தாடையை ஒல்லியாக்கினால் அது வேறொரு ஆளின் படம். கணினியில் திருத்திய படம் கூடாது என்று அமெரிக்க விசா விதிகளில் நேரடியாகவே சொல்லியிருக்கிறது. செல்போனில் பியூட்டி மோடு தானாகவே ஓடிக்கொண்டிருக்கும் என்பதையும் பலர் கவனிப்பதில்லை. நாம் எதையும் தொடாமலே அது முகத்தை வழவழப்பாக்கிவிடும்.

எங்கள் பக்கத்து வெயிலும் புழுக்கமும் இன்னொரு தொல்லை. பஸ்ஸை விட்டு இறங்கி நேராக ஸ்டுடியோவுக்குள் வந்து உட்கார்ந்தால் நெற்றியும் மூக்கும் எண்ணெய் தடவிய மாதிரி மினுங்கும். லைட் அடித்ததும் அந்த இடம் வெள்ளைத் திட்டாகப் பதிந்துவிடும். அதனால் முகத்தைக் கழுவித் துடைத்து, ஃபேனுக்குக் கீழே பத்து நிமிடம் உட்காரச் சொல்கிறேன். நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போடுவதில்லை, நாலடி தள்ளிப் போடுகிறேன். இல்லையென்றால் தலைக்குப் பின்னால் நிழல் விழும். ஹிஜாப் அணிந்த சகோதரிகள் வெள்ளைத் துணியில் வந்தால், வெள்ளைப் பின்னணியில் தலை எங்கே முடிகிறது என்றே தெரியாது. கரும்பச்சை, நீலம், மெரூன் மாதிரி நிறம் நல்லது. மத வழக்கத்துக்காகத் தலையை மூடுவது பெரும்பாலான நாடுகளில் அனுமதிதான். ஆனால் நெற்றியிலிருந்து தாடை வரை, இரண்டு கன்னங்களின் ஓரமும் தெரிய வேண்டும். துணியின் விளிம்பு நெற்றியில் நிழல் போட்டால் அதைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி மறுபடியும் எடுக்க வேண்டியதுதான். கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். அமெரிக்க விசா படத்தில் 2016 நவம்பரிலிருந்து கண்ணாடிக்கே இடமில்லை.

அளவு நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய ஷெங்கன் விசாவுக்கு 35க்கு 45 மில்லிமீட்டர். அமெரிக்காவுக்கு 2க்கு 2 அங்குலச் சதுரம். அதையே ஆன்லைனில் ஏற்றுவதென்றால் 600 முதல் 1200 பிக்சல் வரை, கோப்பு 240 கேபிக்குள், தலையின் உயரம் படத்தில் 50 முதல் 69 சதவீதம், எடுத்து ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும். பழைய பாஸ்போர்ட் சைஸ் பிரிண்டைச் செல்போனில் படம்பிடித்து ஏற்றுவது எங்கேயும் செல்லாது. இன்னொன்று, ஸ்டுடியோவிலிருந்து படத்தை வாட்ஸ்அப்பில் வாங்கும்போது ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும்.

பயோடேட்டாவில் போட்டோ வைக்கலாமா என்று கேட்கிறார்கள். வளைகுடாப் பள்ளிகள் பெரும்பாலும் கேட்கும், வைத்துவிடுங்கள். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா என்றால் வைக்க வேண்டாம். முகத்தைப் பார்த்து ஆள் எடுத்தார்கள் என்ற பேச்சே வரக்கூடாது என்று அங்கே போட்டோவைத் தவிர்க்கிறார்கள்.

சரி, லைசென்ஸுக்கு வருவோம். “டீச்சர் வேலைக்கு டிரைவிங் எதுக்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. மாலத்தீவில் ஒரு சின்னத் தீவுப் பள்ளிக்குப் போகிறவருக்கு அது தேவைப்படாமல் போகலாம். அமெரிக்காவில் கிராமப்புறப் பள்ளி கிடைத்தால் கதை வேறு. அங்கே பல இடங்களில் பஸ்ஸே கிடையாது, பள்ளி ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம், கார் இல்லாமல் பால் பாக்கெட் வாங்கக்கூட முடியாது. அதனால்தான் சில விண்ணப்பங்களில் லைசென்ஸ் உண்டா என்ற கேள்வியே இருக்கிறது.

நம் பெண்களில் நிறையப் பேர் ‘உண்டு’ என்று டிக் அடித்துவிடுகிறார்கள். கார்டை வாங்கிப் பார்த்தால் கியர் இல்லாத டூவீலருக்கு மட்டும் வாங்கிய லைசென்ஸாக இருக்கிறது. அதை வைத்துக் கார் ஓட்ட முடியாது. எல்எம்வி, அதாவது கார் ஓட்டும் வகையைச் சேர்க்க வேண்டும். எல்எல்ஆர் என்ற பழகுநர் லைசென்ஸ் போட்டு 30 நாள் கழித்துத்தான் டெஸ்ட்டுக்குப் போக முடியும். ஆஃபர் லெட்டர் வந்த பிறகு ஓடினால் நேரம் போதாது. விண்ணப்பம் போடுகிற அன்றே டிரைவிங் ஸ்கூலிலும் சேர்ந்துவிடுங்கள் தங்கச்சிகளே, கெஞ்சிக் கேட்கிறேன்.

அடுத்தது பெயர். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்துத்தான் போடுவார்கள், அப்பா பெயர் முழுதாக வந்துவிடும். லைசென்ஸில் ஒற்றை எழுத்து இனிஷியல், டிகிரியில் அதே பெயர் வேறு எழுத்துக்கூட்டலில், கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஆதாரில் கணவர் பெயர். நமக்கு எல்லாம் ஒரே ஆள்தான். அங்கே கவுன்ட்டரில் இருப்பவருக்கு நாலு ஆள். பாஸ்போர்ட்டை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்றதை அதற்கு ஏற்ப மாற்றுவதுதான் லேசான வழி. லைசென்ஸில் பெயர் மாற்ற, முகவரி மாற்ற மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். புத்தக வடிவில் பழைய லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் முதலில் அந்த எண் கணினியில் ஏறியிருக்கிறதா என்று அதே தளத்தில் பாருங்கள். ஏறவில்லை என்றால் அதை வழங்கிய ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போய் ஏற்றிக்கொண்ட பிறகுதான் வேறு எந்த வேலையும் நடக்கும்.

அப்புறம் இன்டர்நேஷனல் பெர்மிட், அதாவது நம் லைசென்ஸை வைத்து வெளிநாட்டில் வண்டி ஓட்டுவதற்கான அனுமதி. இதை ஆர்டிஓ அலுவலகம்தான் கொடுக்கும். வேறு யாராவது ‘மூன்று வருடம் செல்லும், பத்து வருடம் செல்லும்’ என்று வெப்சைட்டில் விற்றால் வாங்காதீர்கள். இங்கே தருவது ஒரு வருடத்துக்குத்தான், அதற்குள் லைசென்ஸ் முடிந்தால் அதுவும் முடிந்துவிடும். படிவம் 4ஏ, பாஸ்போர்ட், விசா, லைசென்ஸ் நகல், கட்டணம் 1000 ரூபாய். அதைத் தனியாக எடுத்துக்கொண்டு போனால் பயனில்லை, ஒரிஜினல் லைசென்ஸும் கூடவே இருக்க வேண்டும். பெர்மிட் இருந்தால் எங்கேயும் வருடம் முழுக்க ஓட்டலாம் என்றும் நினைக்க வேண்டாம். ஐக்கிய அரபு அமீரகத்தில் சுற்றுலா விசாவில் இருக்கிறவர் ஓட்டலாம். ரெசிடென்ஸ் விசா அடித்துவிட்டால் அந்த ஊர் லைசென்ஸ் எடுத்தே ஆக வேண்டும். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு விதி, வேலை கிடைத்த மாநிலத்தின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். வளைகுடாவிலும் அமெரிக்காவிலும் வண்டி வலது பக்கம் போகும் என்பதால் போனவுடன் ஸ்டியரிங்கைப் பிடிக்காமல் சில நாள் பக்கத்தில் உட்கார்ந்து பழகுங்கள்.

கிளம்பும் முன் கார்டில் செல்லுபடித் தேதியைப் பாருங்கள். இப்போதைய விதிப்படி முப்பது வயதுக்குள் எடுக்கும் லைசென்ஸ் நாற்பது வயது வரைக்கும்தான். முடிவதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே புதுப்பிக்கலாம். முடிந்து ஒரு வருடம் தாண்டிவிட்டால் மறுபடியும் டெஸ்ட் கொடுக்க வேண்டும், இரண்டு வருட ஒப்பந்தத்தில் போகிறவர்களுக்கு இது அப்படியே பொருந்தும். நாற்பதைத் தாண்டியவர்கள் படிவம் 1ஏ-வில் டாக்டர் சான்றும் வாங்கிக்கொள்ளுங்கள். லீவில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல், டிக்கெட் போடும் முன்பே ராமநாதபுரம் ஆர்டிஓ அலுவலகத்துக்கு ஒருமுறை போய் முடித்துவிடுங்கள்.