பிரேக் அடிப்பதும் பிரேக் பிடிப்பதும்

நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாக இறங்கும் பஸ்ஸில் இரண்டு வினைச்சொற்கள் காதில் விழும். நெற்றி முன்கம்பியில் இடித்தால், சாரதி பிரேக் 'அடித்தார்'. கொண்டை ஊசி வளைவிலும் மடியிலிருக்கும் லீக்ஸ் கட்டு சரியவில்லையென்றால், பிரேக் 'பிடித்தார்'. கார்ப் பந்தயக்காரர்கள் சொல்லும் 'பெடல் ஃபீல்', அந்தப் பிடியைப் பற்றியதுதான்.

மிதியை எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு வேகம் குறையும், டயருக்கு இன்னும் எவ்வளவு பிடிப்பு மிச்சமிருக்கிறது என்பவை உள்ளங்காலுக்குத் தெரிவதே பெடல் ஃபீல். சக்கரம் இறுகாமல் காக்கும் ஏ.பி.எஸ். ஃபார்முலா 1 கார்களுக்கு 1994 முதல் தடை; அந்த வேலை சாரதியின் காலுக்கு. நேர்ப்பாதை முடிவில் காற்று காரைத் தரையோடு அமுக்கியிருக்கும். அப்போது 100 கிலோவுக்கும் மேற்பட்ட பாரத்தை மிதியில் இறக்கலாம். வேகம் குறையக் குறைய அந்த அமுக்கம் விலகும். காலையும் அதே அளவில் தளர்த்த வேண்டும். தவறினால் சக்கரம் சுழலாமல் இழுபட்டு, டயர் ஓரிடத்தில் தட்டையாகிவிடும். மிதி நகரும் தூரமோ மிகச் சிறிது. கால் அளப்பது தூரத்தை அல்ல, அழுத்தத்தை. (ஏப்ரலில் நுவரெலியா மகாகஸ்தோட்டையில் நடப்பது மலைப்பாதையில் மேலேறும் கார்ப் போட்டி. அங்கே ஏற்றமே ஓரளவு பிரேக்!)

'பெடல்', பாதத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து இத்தாலிய, பிரெஞ்சு மொழிகள் வழியே வந்தது. ஆங்கிலத்தில் அது முதலில் குறித்தது ஓர்கன் வாத்தியத்தைக் காலால் வாசிக்கும் கட்டையை. பொருத்தமான பிறப்பு.

தமிழில் 'மிதி' இருக்கிறது, குறையில்லை. பிரேக்குக்குச் சொல்லப்படும் 'தடுப்பு', 'நிறுத்தி' இரண்டும் எனக்கு உவப்பில்லை. பந்தயச் சாரதி நிறுத்தவா பிரேக் பிடிக்கிறார்? வேகம் குறைவதற்கு நம் பாடநூல்கள் சொல்லும் 'அமர்முடுகல்' இவற்றைவிட நுட்பமானது: முடுகிய வேகம் அமர்கிறது. 'பெடல் ஃபீல்' என்பதற்கு 'மிதியுணர்வு' போதும். 'தடுப்பு மிதி உணர்திறன்' என்று நீட்டினால் சொல்லி முடிப்பதற்குள் வளைவு கடந்துவிடும்.

பழைய சொல் ஒன்றும் உண்டு: முட்டுக்கட்டை. இன்று இடையூறு என்ற பொருளில் மட்டும் எழுதுகிறோம். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் மாசிமகத்துக்கு ஐந்து தேர் ஓடும். தேர்ச் சக்கரத்தடியில் கட்டை கொடுப்பவரைப் பாருங்கள். முழுதாகச் செருகினால் தேர் நின்றுவிடும். வடம் பிடிப்பவர்கள் தடுமாறுவார்கள். அவர் விளிம்பை மட்டும் உரசவிட்டு, சக்கரம் முனகும்போது கட்டையை உருவிக்கொள்கிறார்.