கோத்தகிரியில் ஒரு அறையும் ஒப்பந்தத்தில் ஒரு வரியும்

கோத்தகிரியில், கோடநாடு போகும் சாலையில், என் சித்தி நான்கு அறைகளை வாடகைக்கு விடுகிறார். போன மே சீசனில் நான் அங்கே இருந்தபோது கோவையிலிருந்து ஒருவர் போன் செய்தார்.

"அக்கா, ஆப்ல மூவாயிரம்னு போட்டிருக்கு. நேரா உங்ககிட்டயே புக் பண்ணா குறைச்சுக்குவீங்களா?"

"முடியாதுங்க தம்பி. குறைச்சா லிஸ்ட்லருந்தே எடுத்துடுவாங்க."

ஒப்பந்தத்தை வாங்கிப் படித்தேன். அறை பதிவு செய்யும் ஒரு தளத்துடையது அது. அதில் காட்டும் விலையை விடக் குறைவாக வேறு எங்கும் அறையைக் கொடுக்கக் கூடாது என்று ஒரு வரி. மற்ற தளங்களும் அதில் அடக்கம், சித்தியின் சொந்த வெப்சைட்டும் அடக்கம். விலைச் சமநிலை நிபந்தனை என்று இதற்குப் பெயர். எங்கே தேடினாலும் ஒரே விலை என்றால் பயணிக்கு நல்லதுதானே என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

தளத்தின் கமிஷன் 25 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 3,000 ரூபாய் அறையில் 750 தளத்துக்கு, 2,250 சித்திக்கு. நேரடியாக 2,600-க்குக் கொடுத்தால் வருபவருக்கு 400 மிச்சம், சித்திக்கு 350 கூடுதல். அந்த ஒரு வரி இதைத் தடுக்கிறது. சரி, இதுவாவது கண்ணுக்குத் தெரிகிற நஷ்டம். தெரியாதது இனிமேல்தான் வருகிறது.

10 சதவீதம் போதும் என்று ஒரு புதிய தளம் வருகிறது. சித்தி அதில் 2,600 என்று போட்டால் கமிஷன் 260 போக 2,340 கையில் நிற்கும், பழைய தளத்தில் கிடைப்பதை விட 90 ரூபாய் அதிகம். ஆனால் 2,600 என்று போட முடியாது, அங்கேயும் 3,000-தான் போட்டாக வேண்டும். அதே விலை என்றால் பயணி எதற்குப் பழகிய ஆப்பை விட்டுப் புதியதைத் தேடி வரப்போகிறார்? கமிஷனைக் குறைத்தும் புதிய தளத்துக்கு ஆள் வரவில்லை.

அடுத்து, பழைய தளம் கமிஷனை 30 சதவீதமாக்குகிறது. அதே 2,250 கைக்கு வர வேண்டுமானால் சித்தி விலையை 3,214 ஆக்க வேண்டும். அதை விடக் குறைவாக வேறு எங்கும் காட்டக் கூடாது என்பதால் எல்லா இடத்திலும் 3,214. அந்தத் தளத்தின் பக்கமே போகாதவரும் அதன் கமிஷனைச் சேர்த்துத்தான் கட்டுகிறார். கமிஷனை ஏற்றியவருக்கு ஆள் குறையவில்லை, இறக்கியவருக்கு ஆள் கூடவில்லை. போட்டி என்பதே அங்கே நின்றுவிடுகிறது.

தளங்கள் சொல்லும் நியாயமும் உண்டு. நாங்கள் காசு செலவழித்து விளம்பரம் செய்கிறோம், படம் போடுகிறோம், எல்லாவற்றையும் எங்களிடம் பார்த்துவிட்டுப் போனில் பதிவு செய்தால் எப்படி என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்தச் செலவை ஈடுகட்ட வேறு வழி தேடலாம். போட்டியாளர் விலை குறைப்பதையே தடுப்பது அதற்கு வழியாகாது.

அப்படியானால் சித்தி அந்தத் தளத்தை விட்டு வெளியே வரலாமே? கேத்தி பள்ளத்தாக்கின் கேரட் ஏன் மலையிறங்கி மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகிறது? வியாபாரிகள் அங்கே இருக்கிறார்கள். வியாபாரிகள் ஏன் அங்கே இருக்கிறார்கள்? கேரட் அங்கே வருகிறது. இதை வலைப்பின்னல் விளைவு என்பார்கள். யாரும் சதி செய்யாமலேயே கூட்டம் ஒரே இடத்தில் சேர்ந்துவிடும். ஆனால் மண்டிக்குள் பல வியாபாரிகள் இருக்கிறார்கள், இங்கே விற்றால் அங்கே விலை குறைக்காதே என்று மண்டி சொல்வதில்லை. ஆப்பில் மண்டியே ஒருவருடையது. போதாததற்கு, ஆறு வருடமாக விருந்தினர்கள் சித்திக்கு எழுதிய பாராட்டுகளும் நட்சத்திரங்களும் அந்தத் தளத்தில்தான் இருக்கின்றன. வேறு தளத்துக்குப் போனால் அவற்றைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

இங்கேதான் அரசு தலையிட வேண்டும் என்கிறேன். நம் நாட்டின் 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு பெரிதாக வளர்வதைக் குற்றம் என்று சொல்லவில்லை. வளர்ந்த பிறகு அந்த ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துவதைத்தான் குற்றம் என்கிறது. சரியான கோடுதான். 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம், அறை பதிவு செய்யும் தளங்களான மேக்மைட்ரிப்-கோஐபிபோ மீது 223.48 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மற்ற தளங்கள் தொடர்பான இந்த விலை நிபந்தனையை ஒப்பந்தங்களிலிருந்து எடுக்கவும் உத்தரவிட்டது. அபராதத்தை விட இந்த இரண்டாவது பாதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பெரிய நிறுவனத்தை உடைத்துவிட வேண்டும் என்பவர்களும் உண்டு. அமெரிக்காவில் 1911-இல் ஸ்டாண்டர்டு ஆயிலை 34 நிறுவனங்களாக உடைத்தார்கள். எண்ணெய் ஆலைகளைப் பிரிக்கலாம். கூட்டத்தால் வளரும் தளத்தை இரண்டாகப் பிரித்தால் கூட்டம் மறுபடியும் ஒரு பக்கமே சேரக்கூடும். அதை விட, இந்த மாதிரி நிபந்தனைகள் போடும் பூட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றுவது மேல். அமெரிக்காவில் நடந்த கூகுள் வழக்கிலும் பூட்டுதான் பேச்சு. போன்களிலும் பிரவுசர்களிலும் தன் தேடுபொறியே முதலில் வர, 2021-இல் மட்டும் அந்த நிறுவனம் 26.3 பில்லியன் டாலர் கொடுத்தது வழக்கில் வெளிவந்தது. கூகுள் சட்டத்தை மீறி ஏகபோகத்தைக் காத்துக்கொண்டது என்று நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தார். 2025 செப்டம்பரில் கூகுளின் பிரவுசரான குரோமை விற்கச் சொல்லாமல், பிரத்யேக ஒப்பந்தங்களைத் தடுத்தார், சில தேடல் தரவுகளைப் போட்டியாளர்களுக்குக் கொடுக்கச் சொன்னார்.

எனக்கு இருக்கும் குறை வேகத்தைப் பற்றியது. மேக்மைட்ரிப் வழக்கு 2019-ஐச் சேர்ந்தது, உத்தரவு வந்தது 2022-இல். நடுவில் மூன்று மே சீசன்கள். அப்புறம், அந்த உத்தரவு வழக்கில் இருந்தவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும். வேறொரு தளம் அதே வரியை எழுதினால் வேறொரு வழக்கு. ஐரோப்பிய ஒன்றியம் மாற்று வழியில் போனது. அறை பதிவுத் தளமான புக்கிங் டாட் காமை 2024 மே மாதம் 'வாயிற்காவலர்' பட்டியலில், அதாவது தனி விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டிய மிகப் பெரிய தளங்களின் பட்டியலில், சேர்த்தது. பட்டியலில் வந்தாலே இந்த நிபந்தனைக்குத் தடை, தனியாக யாரும் வழக்குப் போட வேண்டியதில்லை. இதே போல முன்கூட்டியே விதி வகுக்கும் டிஜிட்டல் போட்டி மசோதாவின் வரைவு நம் நாட்டில் 2024 மார்ச்சில் வெளியானது. அது சட்டமாக வேண்டும் என்று விரும்புகிறேன்.

சித்தியின் ஒப்பந்தம் இந்த மார்ச்சில் புதுப்பிக்க வந்தது. ஏழாம் பக்கத்தில் அதே வரி இருந்தது. மே மாதத்துக்கு இரண்டு அறைகள் ஏற்கெனவே பதிவாகிவிட்டன, கையெழுத்துப் போட்டுவிட்டார்.