மிட்டாய் ஜாடிக்குள் ஒரு பவளத்திட்டு

பெட்டிக்கடைகளில் கமர்கட்டும் தேன்மிட்டாயும் போட்டு வைப்பார்களே, அந்த அகலவாய்க் கண்ணாடி ஜாடிதான். ஐந்து லிட்டர் தண்ணீர் பிடிக்கும். சேலத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில், வெயில் நேராக விழாத ஒரு மூலையில் அது இருக்கிறது. அடியில் கொஞ்சம் மணல், நடுவில் கைப்பிடி அளவு கல், கல்லின் மேல் நான்கு காளான் பவளங்கள், கூட இரண்டு கடல் நத்தைகள். காலையில் விளக்கு எரிந்த அரை மணி நேரத்தில் காளான்கள் தண்ணீரை உறிஞ்சி, ஆப்பம் போல விளிம்பு சுருண்டு விரிந்துவிடும். ராத்திரி விளக்கணைந்தால் கட்டைவிரல் நுனி அளவுக்குச் சுருங்கிவிடும்.

சேலத்திலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடல் 150 கிலோமீட்டருக்கு மேல். அதனால் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது, "பவளத்தை எப்படிங்க இங்க வளர்க்கறீங்க?" என்றுதான். பவளம் தன்னால் வளர்கிறது. நான் பார்த்துக்கொள்வது தண்ணீரை மட்டும்தான். ஜாடிக்குள் இருக்கும் ஐந்து லிட்டரும் கடலாகவே இருக்க வேண்டும், அதுவும் நாள் முழுக்க, வருடம் முழுக்க. வேலையெல்லாம் அதில்தான்.

முதலில் உப்பு. தூத்துக்குடி உப்பை வாங்கித் தண்ணீரில் கரைத்தால் கடல்நீர் வந்துவிடுமே என்று தோன்றும். வராது. ஏன் என்பதை உப்பளத்தில்தான் பார்க்க வேண்டும். பாத்திகளில் கடல்நீர் வெயிலில் சுண்டச் சுண்ட, அதில் கரைந்திருப்பவை ஒவ்வொன்றாக வரிசை கட்டி வெளியேறுகின்றன. முதலில் சுண்ணாம்பு படியும். அப்புறம் ஜிப்சம். தண்ணீர் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுண்டிய பிறகுதான் நம் சாப்பாட்டு உப்பு, அதாவது சோடியம் குளோரைடு, படியத் தொடங்கும். மக்னீசியம் கடைசி வரை இறங்காது; உப்பை வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரிலேயே தங்கிவிடும். ஆக, நம் சமையலறைக்கு வரும் உப்பு, கால்சியத்தை முன்னாலும் மக்னீசியத்தைப் பின்னாலும் விட்டுவிட்டு வந்தது. அதைத் திரும்பக் கரைத்தால் கிடைப்பது வெறும் உப்புத் தண்ணீர்.

ஒரு கிலோ கடல்நீரில் மொத்தம் 35 கிராம் உப்புகள். அதில் சோடியமும் குளோரைடும் சேர்ந்து சுமார் 30 கிராம். மிச்சமுள்ள ஐந்து கிராமுக்குள்தான் மக்னீசியம் 1.28 கிராம், கால்சியம் 0.41 கிராம், கூடவே சல்ஃபேட், பொட்டாசியம், பைகார்பனேட் எல்லாம். இந்த விகிதத்தில் கலந்த செயற்கைக் கடலுப்பு மீன்தொட்டிக் கடைகளில் கிடைக்கிறது. என் ஜாடிக்கு 180 கிராமுக்குச் சற்று மேலே போட்டால் சரியாக இருக்கும். கரைக்கும் தண்ணீர் ஆர்.ஓ. இயந்திரத்தில் வடிகட்டி, அயனிகளை உறிஞ்சும் பிசின் குழாயையும் தாண்டி வந்ததாக இருக்க வேண்டும், கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை வைத்தால் பூஜ்யம் காட்ட வேண்டும். குழாயில் வரும் மேட்டூர் தண்ணீரில் குளோரின் இருக்கும். போர்வெல் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஒட்டும் படிவமே சொல்லும்.

அந்த வெள்ளைப் படிவத்தை நினைத்துப் பார்த்தால் ஒரு கேள்வி வருகிறது. வெதுவெதுப்பான கடல்களின் மேற்பரப்பு நீரில் கால்சியம் கார்பனேட் கரையக்கூடிய அளவைவிடப் பல மடங்கு அதிகமாக இருக்கிறது. நியாயமாக, நம் பாத்திரத்தில் படிவதுபோல அங்கேயும் படிந்து கொட்ட வேண்டும். ஏன் கொட்டவில்லை? முக்கியமான காரணம் மக்னீசியம். சுண்ணாம்புப் படிகம் உருவாகத் தொடங்கும்போதே மக்னீசியம் அயனிகள் அதன் வளரும் முனைகளில் போய் ஒட்டிக்கொண்டு வளர்ச்சியைத் தடுத்துவிடுகின்றன. கால்சியமும் கார்பனேட்டும் தண்ணீரிலேயே மிதந்து காத்திருக்கின்றன. தன் உடலுக்குள் உரிய இடத்தை ஒதுக்கி, அங்கே அவற்றைக் கூட்டிப் பிடிக்கத் தெரிந்த உயிர் மட்டும் ஓடு கட்டிக்கொள்கிறது. பவளப்பாறை என்று ஒன்று உலகில் இருப்பதற்கு இந்தக் காத்திருப்பும் ஒரு காரணம்.

சேலத்துக்காரனுக்கு மக்னீசியம் புதிய பெயரே இல்லை. மேக்னசைட் ஜங்ஷன் என்று ஒரு ரயில் நிலையமே வைத்திருக்கிறோம். ஏற்காடு மலையடிவாரத்தில் வெள்ளை வெளேரென்று தெரியும் குன்றுகளைச் சுண்ணாம்புக் கட்டி என்று நினைத்து வெள்ளைக்காரர்கள் ‘சாக் ஹில்ஸ்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அங்கே இருப்பது மக்னீசியம் கார்பனேட். உலைகளுக்கு உட்பூச்சாகப் போகும் தீச்செங்கல் செய்ய உதவுவது. "அந்தக் கல்லையே ஜாடியில் போட்டால் என்ன?" என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. கடல்நீரில் அந்தக் கல் கரைவது மிக மிக மெதுவாக, பயன் எதுவும் இருக்காது. மேலும் அது பிறந்த பாறையில் குரோமியம், நிக்கல் போன்ற உலோகங்களும் உண்டு. போடக் கூடாது.

அடுத்தது, ஆவியாதல். நான் வெளியூர் போகும்போது, ஜாடியில் போட்டிருக்கும் கோட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்கினால் நல்ல தண்ணீர் ஊற்றும்படி அம்மாவிடம் சொல்லியிருந்தேன். "கடல் தண்ணி குறைஞ்சா கடல் தண்ணியத்தானே ஊத்தணும்? நல்ல தண்ணி ஊத்தச் சொல்றியே?" என்றார். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்; உப்பு ஜாடியிலேயே நிற்கிறது. ஐந்து லிட்டரில் கால் லிட்டர் போனால், 35 இருந்த உப்பு 36.8 ஆகிவிடும். அதன் மேல் உப்புத் தண்ணீரையே ஊற்றிக்கொண்டு போனால் ஏறிக்கொண்டே இருக்கும், இறங்க வழியில்லை. அம்மாவுக்கு இது உடனே புரிந்துவிட்டது. குழம்பு சுண்டினால் உப்பு கரிப்பதுபோல என்றார். அதேதான்.

ஆனால் ‘நல்ல தண்ணீர்’ என்று நான் சொன்னதில் ஒரு பிழை இருந்தது. எது என்று சொல்லவில்லை. வீட்டிலேயே நல்ல தண்ணீர் என்று அம்மா நினைப்பது செம்புக் குடத்தில் ராத்திரி முழுக்க வைத்த தண்ணீரை. பத்து நாள் அதை ஊற்றியிருக்கிறார். நான் திரும்பியபோது அப்போது இருந்த இரண்டு நத்தைகளும் மணலில் கவிழ்ந்து கிடந்தன, காளான்கள் விரியவே இல்லை. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை செம்பு இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நமக்கு அது ஒன்றும் செய்யாது. நத்தைக்கும் பவளத்துக்கும் அதில் மிகச் சிறு பங்கே விஷம். ஆவியாகும் தண்ணீரோடு செம்பு போகாது, உப்பைப் போலவே ஜாடியில் சேர்ந்துகொண்டே வரும். அந்தக் கல்லையும் மணலையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத்தான் தொடங்கினேன். இப்போது ஜாடிக்குப் பக்கத்தில் தனி பாட்டில் இருக்கிறது, அதில் மீட்டர் பூஜ்யம் காட்டும் அந்தத் தண்ணீர் மட்டும்தான்.

புதிதாகத் தொடங்குவது என்றால் உடனே பவளத்தை இறக்கிவிட முடியாது. நான்கிலிருந்து ஆறு வாரம் வெறும் கல்லும் மணலும் தண்ணீரும் மட்டும் இருக்க வேண்டும். சுண்டுவிரல் நகமளவு இறால் துண்டு ஒன்றைப் போட்டால் அது அழுகி அம்மோனியா வரும். அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா முதலில் பெருகும். அது கழிப்பது நைட்ரைட். நைட்ரைட்டைத் தின்பது வேறொரு கூட்டம், முதல் கூட்டம் பரிமாறிய பிறகுதான் இது பந்தியில் உட்காரும். முடிவில் வருவது நைட்ரேட், அவ்வளவு ஆபத்தில்லாதது. சோதனைக் குப்பியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டுகிற வரை பொறுத்திருக்க வேண்டும். இந்தப் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் கல்லிலும் மணல் துகள்களிலும் ஒட்டி வாழ்பவை. தண்ணீரில் மிதப்பவை கொஞ்சம்தான். இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஜாடி பிழைப்பதே இதனால்தான்.

பெரிய தொட்டிதான் சுலபம், சின்னது கஷ்டம் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான், ஐநூறு லிட்டரில் ஒரு நத்தை செத்தால் தெரியவே தெரியாது, ஐந்து லிட்டரில் அது பெரும் விபத்து. ஆனால் ஐநூறு லிட்டரை ஒரே நாளில் முழுக்க மாற்ற யாராலும் முடியாது. ஐந்து லிட்டரை நான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மாற்றிவிடுகிறேன், ஒரு சொட்டு விடாமல். சனிக்கிழமையே புதுத் தண்ணீரைக் கலந்து, காற்றுக் குமிழ் விட்டு வைப்பேன். ஞாயிறு காலை பவளங்களுக்குப் பொடித் தீனி ஒரு சிட்டிகை. ஒரு மணி நேரம் கழித்து, மிச்சம் அழுகுவதற்குள், மெல்லிய குழாயால் பழைய தண்ணீரை அடிவரை உறிஞ்சி எடுத்துவிட்டு, அதே வெப்பமும் அதே உப்பும் உள்ள புதுத் தண்ணீரை மெதுவாக ஊற்றுவேன். பாக்டீரியா கல்லில் பத்திரமாக இருக்கிறது. பவளங்கள் சில நிமிடம் தண்ணீரில்லாமல் கிடக்கின்றன. கடலில் ஆழமில்லாத திட்டுகளில் வாழும் பவளங்கள் கடல் வற்றி இறங்கும் வேளையில் வெயிலிலேயே அப்படிக் கிடப்பது உண்டு. கழிவு, ஏறிய உப்பு, தீர்ந்த கால்சியம் எல்லாம் வாரத்துக்கு ஒருமுறை முதலிலிருந்து தொடங்குகின்றன. ஜாடி சின்னதாக இருப்பதுதான் அதன் பலம் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

மீன் மட்டும் வேண்டாம். எவ்வளவு சின்ன மீனாக இருந்தாலும் அதற்கு இந்த இடம் போதாது, அதன் கழிவுக்கும் போதாது.

சேலத்தில் இதைச் செய்கிறவனுக்கு உண்மையான எதிரி ஏப்ரல், மே. காளான் பவளத்தின் தோலுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. பாசி வெளிச்சத்தில் சர்க்கரை சமைத்து, பெரும்பகுதியைப் பவளத்துக்குக் கொடுக்கிறது. பவளம் தன் கழிவையும் கரியமில வாயுவையும் பாசிக்குக் கொடுக்கிறது. தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டிப் பல நாள் நின்றால் பாசியின் ஒளிச்சேர்க்கை இயந்திரம் பழுதாகி, ஆக்சிஜனின் நச்சு வடிவங்கள் கசியத் தொடங்கும். பவளம் பாசியை வெளியே தள்ளிவிடும். நிறம் போய் வெளிறி நிற்கும், சில வாரத்துக்குள் வெப்பம் தணியாவிட்டால் பட்டினியில் சாகும். கடலில் நடப்பதும் இதுதான். மன்னார் வளைகுடாவில் 2010இலும் 2016இலும் இப்படிப் பெரிய அளவில் வெளிறின. 2024 ஏப்ரலில் உலக அளவிலான நான்காவது பவள வெளிறல் நடந்துகொண்டிருப்பதாக விஞ்ஞானிகள் அறிவித்தார்கள்.

கூடத்தில் 35 டிகிரி அடிக்கும்போது ஜாடியை 27இல் வைக்க நான் மண்பானையைத்தான் நம்புகிறேன். அகலமான மண்தொட்டியில் ஈரமணல் நிரப்பி, அதில் ஜாடியைப் பாதிவரை புதைத்து, தண்ணீரின் மேற்பரப்பில் படும்படி சின்ன விசிறி ஒன்று. நீர் ஆவியாக வெப்பம் வேண்டும், அந்த வெப்பத்தை அது மிச்சத் தண்ணீரிலிருந்து எடுக்கிறது. கணக்குப் போட்டால் எட்டு, ஒன்பது கிராம் தண்ணீர், அதாவது இரண்டு டீஸ்பூனுக்கும் குறைவாக ஆவியானாலே ஐந்து லிட்டர் ஒரு டிகிரி குளிரும். வெளியிலிருந்து வெப்பம் வந்துகொண்டே இருப்பதால் நடப்பில் நிறையவே ஆவியாக வேண்டியிருக்கிறது. சேலத்து வெயில் வறண்ட வெயில் என்பதால் இது நன்றாக வேலை செய்கிறது. சென்னைப் புழுக்கத்தில் இந்த அளவு பலிக்காது. விசிறி ஓடுகிற நாளில் நல்ல தண்ணீர் ஊற்றுவதும் கூடும், அவ்வளவுதான்.

ஏற்காட்டில் இருக்கும் என் நண்பருக்கு நேர்மாறான கவலை. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, 1,500 மீட்டர் உயரத்தில் ஜாடி வைத்திருக்கிறார். டிசம்பர் ராத்திரியில் அவருக்கு ஹீட்டர் இல்லாமல் முடியாது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு, அதே வெப்பத்தில் தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் அந்த அளவு குறையும். காற்றுக் குமிழ் குழாய் எங்கள் இருவர் ஜாடியிலும் இரவும் பகலும் ஓடுகிறது. கரண்ட் போனால் பேட்டரியில் ஓடும் குட்டிப் பம்ப்.

விளக்கு நீலம் கலந்த எல்.இ.டி., நாளுக்குப் பத்து மணி நேரம். கடலில் ஆழம் போகப் போகச் சிவப்பு சீக்கிரம் காணாமல் போய் நீலம்தான் மிஞ்சும், பாசிகளும் அதற்குப் பழகியவை. வெள்ளை விளக்கை அணைத்து நீலத்தை மட்டும் விட்டால் என் காளான்களில் ஒன்று தணல் போலச் சிவந்து ஒளிரும். நீல ஒளியை வாங்கிச் சிவப்பாகத் திருப்பித் தரும் ஒரு புரதம் அதன் உடலில் இருக்கிறது. டிஸ்கோசோமா என்கிற இதே காளான் இனத்திலிருந்துதான் ரஷ்ய விஞ்ஞானிகள் அந்தச் சிவப்புப் புரதத்தைப் பிரித்து 1999இல் அறிவித்தார்கள். இன்று உயிரணுவுக்குள் எது எங்கே போகிறது என்று பார்க்க உலகமெங்கும் ஆய்வுக்கூடங்களில் அதையும் அதிலிருந்து உருவாக்கியவற்றையும் அடையாள விளக்காகப் பயன்படுத்துகிறார்கள்.

பவளத்தை எங்கே வாங்குவது என்பதில் கண்டிப்பாக இருக்க வேண்டும். கல் பவளங்கள், கரும்பவளங்கள், கடல் விசிறிகள் எல்லாம் 2001லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கின்றன, புலிக்குக் கிடைக்கும் அதே பாதுகாப்பு. ராமேஸ்வரம் கரையில் ஒதுங்கிய பவளக் கல்லைக்கூட எடுத்து வரக் கூடாது. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளத்தை வெட்டியெடுத்த காலம் ஒன்று இருந்தது. அங்கிருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் இப்போது தண்ணீருக்கடியில். என் ஜாடியில் இருக்கும் கல் சூளையில் சுட்ட பீங்கான் கல். காளான்கள் எலும்பே கட்டாத வேறு வகை. தொட்டியில் வளர்த்துப் பிரித்த குட்டிகளை பில்லோடு வாங்கினேன். நகரும்போது காலில் ஒரு துணுக்கை விட்டுவிட்டுப் போகும், அந்தத் துணுக்கு இன்னொரு காளானாகும். இரண்டு நான்கானது அப்படித்தான்.

பொத்தான் பவளம் என்று விற்பதை வாங்குகிறவர்கள் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள். அவற்றில் சில வகைகளில் பாலிடாக்சின் என்ற மிகக் கொடிய விஷம் இருக்கிறது. அது ஒட்டிய கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைத்து, ஆவியைச் சுவாசித்து மருத்துவமனைக்குப் போன குடும்பங்கள் உண்டு.

எலும்பு கட்டாத காளான்களை வைத்துக்கொண்டு இதைப் பவளத்திட்டு என்று சொல்லலாமா என்று எனக்கே ஒரு தயக்கம் இருந்தது. ஏழாவது மாதம் ஜாடிக் கண்ணாடியில், மணலுக்குச் சற்று மேலே, கடுகளவு கத்தரிப்பூ நிறப் புள்ளி ஒன்று தெரிந்தது. நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. நத்தையின் ஓட்டில் ஒட்டி வந்த சுண்ணாம்புப் பாசியின் வித்து. கடலில் உடைந்த பவளத் துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டிப் பாறையாக்கும் கொத்தனார் இந்தப் பாசிதான். தண்ணீரிலிருந்து கால்சியத்தை எடுத்துக் கட்டும்போது கூடவே நிறைய மக்னீசியத்தையும் சேர்த்துக் கட்டுகிறது. இப்போது அது ஒரு ரூபாய் நாணய அளவு. ஞாயிற்றுக்கிழமை கண்ணாடியைத் துடைக்கும்போது அந்த இடத்தை மட்டும் விட்டுவிடுகிறேன்.