மாடலர் வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

பல கிட்டார் ஆம்ப்களின் ஒலியைக் கணினி முறையில் உருவாக்கித் தரும் கருவியான டிஜிட்டல் ஆம்ப் மாடலரை வாங்க நினைக்கும் கிட்டார் கலைஞர்கள், அதற்குள் எத்தனை ஆம்ப்கள், எத்தனை எஃபெக்ட்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தே பெரும்பாலும் முடிவெடுக்கிறார்கள். பெங்களூரில் மேடை ஒலியமைப்பைத் தொழிலாகக் கொண்ட நான், அல்சூர்த் திருவிழாக்களில் வாசிக்கும் மெல்லிசைக் குழுக்கள் முதல் கோரமங்கலா பப்களில் வாசிக்கும் ராக் குழுக்கள் வரை பலருடைய மாடலர்களை என் மிக்சரில் இணைத்திருக்கிறேன். அங்கே நான் கண்ட குறைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஒன்றுதான்: ஒலி எந்த ஸ்பீக்கர் வழியாக, எவ்வளவு சத்தத்தில் வெளிவரப்போகிறது என்பதை வாங்கும்போதும் யோசிக்கவில்லை, அமைக்கும்போதும் யோசிக்கவில்லை.

கிட்டார் ஆம்பின் ஒலியில் பாதி அதன் ஸ்பீக்கரில் இருக்கிறது. கிட்டாருக்கென்றே செய்யப்பட்ட ஸ்பீக்கர் ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக ஓய்ந்துவிடும். டிஸ்டார்ஷன் என்னும் சிதைந்த ஒலியின் கரடுமுரடான மேல்பகுதியை அதுவே வடிகட்டிவிடுகிறது. கூட்டத்துக்கு ஒலி தரும் மேடையின் பி.ஏ. ஸ்பீக்கரும் நம் ஹெட்போனும் அப்படி வடிகட்டுவதில்லை. ஆகையால் அவற்றில் வாசிக்கும்போது மாடலரின் கேபினெட் பகுதி, அதாவது ஒரு பெட்டியையும் அதன் முன் வைத்த மைக்கையும் சேர்த்துப் பதிவுசெய்த ஐ.ஆர். கோப்பு, கட்டாயம் இயங்க வேண்டும். இல்லையென்றால் குளவிக் கூட்டைக் கலைத்தது போன்ற ஒலிதான் வரும். மாறாக, மாடலரை வேறொரு கிட்டார் ஆம்புடன் இணைப்பவர்கள் கேபினெட்டை அணைத்துவிட்டு, அந்த ஆம்பின் ஒலி வடிவமைக்கும் முன்பகுதியைத் தவிர்க்கும் உள்ளீடான எஃபெக்ட் லூப் ரிட்டர்னில் சொருக வேண்டும். இதைச் செய்யாமல், கருவி மந்தமாக ஒலிக்கிறது என்று கடையைக் குறை சொல்பவர்கள் பலர்.

வீட்டு நிலவரம் வேறு. ஒலி மாசு தொடர்பான 2000ஆம் ஆண்டு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபெல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல் என்பதே வரம்பு. அடுக்குமாடியில் வசித்துக்கொண்டு, அலுவலகம் முடிந்து போக்குவரத்து நெரிசலைக் கடந்து வந்து இரவில் வாசிப்பவருக்கு ஹெட்போனைத் தவிர வேறு வழியில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. சத்தம் குறையும்போது நம் காதுக்குப் பேஸும் (தாழ்ந்த ஒலி) உச்ச ட்ரெபிளும் (மேல் ஒலி) மிட்டைவிட (நடு ஒலி) அதிகமாகக் குறைந்து கேட்கும் என்பதை ஒலியியல் ஆய்வாளர்கள் ஃப்ளெட்சர், மன்சன் இருவரும் 1933இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். அதை ஈடுகட்ட இரவில் பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றி, மிட்டைக் குடைந்து எடுத்துத் தயாரித்த பிரீசெட், அதாவது சேமித்துவைத்த ஒலி அமைப்பு, மேடைச் சத்தத்தில் கீழே குழம்பாகவும் மேலே காதைக் குத்துவதாகவும் மாறும். நடுவில் இருக்க வேண்டிய கிட்டாரோ கீபோர்டுக்கும் பாடகர் குரலுக்கும் பின்னால் காணாமல் போய்விடும். மேடைக்கான பிரீசெட்டை ஒத்திகை அறையான ஜாம் ரூமில், முழுக் குழுவும் வாசிக்கும்போது அமைப்பதே சரியான முறை. அதற்கு வாய்ப்பில்லையென்றால் 80–100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை நீக்கும் லோ கட்டும், 6,000–8,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை நீக்கும் ஹை கட்டும் வைத்துப் பாருங்கள். மாடலரில் எல்லாப் பிரீசெட்டுகளுக்கும் பொதுவான குளோபல் ஈக்யூ இருந்தால், வீட்டுப் பிரீசெட்டைத் தொடாமலே இதைச் செய்துவிடலாம்.

ஹெட்போன் சத்தத்திலும் கவனம் தேவை. அமெரிக்காவின் தொழில்சார் சுகாதார நிறுவனமான நியோஷ், 85 டெசிபெல்லில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை என்றும், ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாக வேண்டும் என்றும் சொல்கிறது. 100 டெசிபெல்லுக்கு 15 நிமிடந்தான். புளூடூத் ஹெட்போனில் வாசிக்கவும் முயல வேண்டாம், தாமதம் தாளத்தைக் கெடுத்துவிடும். பல சிறு கருவிகளில் இருக்கும் புளூடூத், கைப்பேசியிலிருந்து பாட்டைப் போட்டு உடன் வாசிப்பதற்கானது.

வீட்டில் மட்டுமே வாசிப்பவர் கருவி வாங்கத்தான் வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ளலாம். நியூரல் ஆம்ப் மாடலர் என்ற திறமூல மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஓரளவு நல்ல மடிக்கணினியும், கிட்டாரை நேரடியாகச் சொருகும் இன்ஸ்ட்ருமென்ட் உள்ளீடு கொண்டு, ஒலியைக் கணினிக்குள் அனுப்பும் ஆடியோ இன்டர்ஃபேஸும் போதும். 1998இல் லைன் 6 நிறுவனத்தின் பாட் என்ற மாடலர் வந்த காலத்தில் ஒலித் தரமே பெரிய விவாதமாக இருந்தது. 2006இல் ஆக்ஸ்-எஃப்எக்ஸ், 2011இல் கெம்பர், 2015இல் ஹீலிக்ஸ் என்று கருவிகள் வளர்ந்துவிட்ட இன்று, நடுத்தர விலைக் கருவிக்கும் உச்ச விலைக் கருவிக்கும் உள்ள ஒலி வேறுபாட்டைவிட, இரண்டு ஸ்பீக்கர்களுக்கு இடையேயான வேறுபாடு பெரிது என்பதே என் கணிப்பு.

மேடையில் உச்ச விலைக்கு நியாயம் சேர்ப்பவை வேறு அம்சங்கள். மெல்லிசைக் குழுவில் பல்லவிக்குச் சுத்தமான கோரஸ் எஃபெக்ட், இடையிசைக்கு டிஸ்டார்ஷன் என்று ஒரே பாட்டுக்குள் ஒலி மாற வேண்டியிருக்கும். பல கருவிகளில் பிரீசெட் மாறும்போது ஒரு கண இடைவெளி விழும். ஹீலிக்ஸின் ஸ்னாப்ஷாட், ஆக்ஸ்-எஃப்எக்ஸைச் செய்யும் ஃப்ராக்டல் நிறுவனத்தின் கருவிகளிலும் குவாட் கார்டெக்ஸ் என்ற மாடலரிலும் உள்ள சீன் போன்ற வசதிகள் ஒரே பிரீசெட்டுக்குள் மாற்றங்களைச் செய்வதால் அந்த இடைவெளி பெரும்பாலும் இருக்காது. காலால் மிதிக்கப் போதிய சுவிட்சுகள் இருக்கின்றனவா, அவற்றுக்கிடையே ஷூ அணிந்த காலுக்கு இடமிருக்கிறதா என்பதைக் கடையில் நின்றபடியே சோதியுங்கள். மிக்சரில் நேரே இணைக்கும் எக்ஸ்எல்ஆர் வெளியீடும், இரைச்சலைத் தவிர்க்க உதவும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சும் இருந்தால் என்னைப் போன்றவர்களுக்கு வேலை பாதி குறையும். பல சிறிய மிக்சர்களில், மைக்குகளுக்குக் கம்பி வழியே மின்சாரம் அனுப்பும் 48 வோல்ட் ஃபேன்டம் பவர் எல்லாச் சானலுக்கும் ஒரே பொத்தானில் இருப்பதால், உங்கள் கருவி அதைத் தாங்குமா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான சிறு அரங்குகளில் ஒலி மோனோதான். ஸ்டீரியோவில் விரிந்து கேட்ட கோரஸ், மோனோவாகச் சேர்க்கும்போது சில சமயம் மெலிந்துவிடும்.

மின்சாரத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. திருவிழா மேடையில் ஜெனரேட்டருக்கு மாறும் அந்த ஒரு நொடியில் பழைய பெடல்கள் உடனே உயிர்பெற்றுவிடும். மாடலரோ கணினியைப் போல முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதற்குள் சரணம் வந்துவிடும். சிறு யு.பி.எஸ். ஒன்று இதற்குப் போதும். பெடல் பவர் சப்ளையிலிருந்து மாடலரை இயக்க நினைப்பவர்களும் கவனிக்க வேண்டும்: லைன் 6 எச்எக்ஸ் ஸ்டாம்ப் என்ற சிறு மாடலருடன் வரும் அடாப்டர் 9 வோல்ட்டில் 3 ஆம்பியர் தரக்கூடியது. சாதாரணப் பெடல் பவர் சப்ளையின் ஒரு முனை தருவதோ பெரும்பாலும் 100 முதல் 500 மில்லி ஆம்பியர்தான். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் கருவியென்றால், அடாப்டரில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே நம் 230 வோல்ட்டில் சொருகுங்கள்; அதன் உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா என்பதையும் பணம் கொடுப்பதற்கு முன்பே இங்குள்ள விநியோகஸ்தரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.