விழுந்தவர் மறுபடி குதிரை ஏறும்போது மூளையில் என்ன நடக்கிறது?

குதிரையில் ஏறிக் கட்டைகளைத் தாண்டும் ஷோ ஜம்பிங் போட்டியில் ஒருமுறை மோசமாக விழுந்தவர், மறுபடியும் கட்டைகளைத் தாண்ட வருகிறார். கட்டைக்கு இன்னும் குதிரையின் மூன்று எட்டுதான் பாக்கி. கேட்டால் ‘பயமெல்லாம் போய்விட்டது’ என்பார். அவர் உடம்பைப் பாருங்கள். தோள் முன்னால் சரிந்திருக்கிறது, முழங்கால் சேணத்தை இறுக்குகிறது, குதிகால் மேலே ஏறிவிட்டது, கை கடிவாள வாரைச் சுருட்டிப் பிடித்திருக்கிறது. பயந்த உடம்பு இப்படித்தான் சுருளும். குதிரைக்கோ ஒரே நேரத்தில் இரண்டு கட்டளைகள் வருகின்றன: கால் ‘போ’ என்கிறது, கடிவாளம் ‘நில்’ என்கிறது. குழம்பிப்போன குதிரை கட்டைக்கு முன்னால் சட்டென்று நின்றுவிடும், இல்லையென்றால் கோணலாகத் தாவும். ‘நான் பயந்தது சரிதான்’ என்று அவர் மூளை அதையும் குறித்துக்கொள்ளும்.

நம் பயம் குதிரைக்குத் தொற்றுமா? ஸ்வீடனில் ஆய்வாளர் லிண்டா கீலிங் குழுவினர் இதைச் சோதித்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். சிலர் குதிரையைக் கையில் பிடித்து நடத்தினார்கள், சிலர் சவாரி செய்தார்கள். ஒரே பாதையில் நாலு முறை போகவேண்டும். நாலாவது முறைக்கு முன், ‘இந்தத் தடவை நீங்கள் கடக்கும்போது ஒரு குடை விரியும்’ என்று சொன்னார்கள். குடை விரியவே இல்லை. ஆனாலும் மனிதர்களின் இதயத்துடிப்பு ஏறியது, கூடவே குதிரைகளின் துடிப்பும் ஏறியது. அதனால் ‘பயத்தைக் குதிரையிடம் காட்டாதே’ என்ற அறிவுரையால் பெரிய பயன் இல்லை. பயமே குறைய வேண்டும்.

அது குறைவதற்கு ஏன் இவ்வளவு நாளாகிறது? விழுந்த கணத்தில் மூளையின் அமிக்டலா என்ற சிறு பகுதி, கட்டையின் நிறம், ஒலிபெருக்கிச் சத்தம், குதிரையின் மூச்சு என எல்லாவற்றையும் சேர்த்து ‘ஆபத்து’ என்று முடிச்சுப் போடுகிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஒரு மீட்டர் உயரத்தில் விழுந்தவருக்கு, அப்புறம் அரை மீட்டர் கட்டையும் நடுக்கம் தரும்.

அந்த முடிச்சை நாம் அவிழ்ப்பதில்லை என்பதுதான் எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுகிறது. பயிற்சியில் பயம் தணியும்போது பழைய நினைவு பெரும்பாலும் அழிவதில்லை. அதன் பக்கத்தில் ‘இங்கே ஒன்றும் ஆகாது’ என்ற புது நினைவு உருவாகிறது. மார்க் பௌட்டன் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்து காட்டியது இது: புது நினைவு, அது உருவான இடத்தோடு ஒட்டியே இருக்கும். பழக்கமான மைதானத்தில் அழகாகத் தாண்டுபவர் போட்டித் திடலில் உறைந்துபோவது இதனால்தான். அது கோழைத்தனம் இல்லை. பாதுகாப்பு நினைவு இன்னும் அந்தத் திடல் வரைக்கும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். போட்டி விதியும் இங்கே உதவாது. ஷோ ஜம்பிங்கில் விழுந்தால் அந்தச் சுற்றிலிருந்து நீக்கம். பாதுகாப்புக்கு அது தேவையான விதி. ஆனால் அந்தத் திடலைப் பற்றிய கடைசி நினைவாக விழுந்ததே தங்கிவிடுகிறது.

‘விழுந்தவுடனே ஏறிவிடு’ என்பார்கள். தலையில் அடிபட்டிருக்கிறதா என்று பார்க்காமல் ஏறவே கூடாது. ஏறினாலும் அதே உயரத்துக்குப் போகக் கூடாது. இன்னொரு கோணல் தாவல் பயத்துக்குத்தான் தீனி. உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா 1977இல் எழுதியதுபோல, தன்னம்பிக்கைக்கு வலுவான ஊற்று நாமே செய்து முடித்த காரியம். ‘உன்னால் முடியும்’ என்ற பேச்சுக்கு அவ்வளவு வலு இல்லை. ஆகவே முதலில் தரையில் கிடத்திய கட்டை, அதுவும் குதிரையை ஓடவிடாமல், நடையில். அலுப்புத் தட்டும்வரை அதையே செய்யலாம். பிறகு கணுக்கால் உயரம். அப்புறம் உயரத்தைக் கூட்டாமல் இடத்தை மாற்றுங்கள்: வேறு மைதானம், வேறு நிறக் கட்டை, வேடிக்கை பார்க்க நாலு பேர். கட்டையை நெருங்கும்போது குதிரையின் எட்டுகளைச் சத்தமாக எண்ணுவது நல்ல உத்தி. வாய்விட்டு எண்ணிக்கொண்டே மூச்சை அடக்க முடியாது. மூச்சு ஓடினால் தோளும் தளரும்.

ஷோ ஜம்பிங்கோடு திறந்தவெளி ஓட்டமும் சேர்ந்த குதிரைப் போட்டிக்கு ஈவென்டிங் என்று பெயர். 2013இல் பிரிட்டன் வீராங்கனை லாரா காலெட் அப்படி ஒரு போட்டியில் குதிரையோடு விழுந்தார். ஆறு நாள் கோமா. வலது கண் பார்வை போயிற்று. இரண்டு கண்ணும் சேர்ந்து தரும் ஆழக்கணிப்பு இல்லாதவர், கட்டை கண்ணில் பெரிதாகும் வேகம் போன்ற குறிப்புகளை வைத்தே தூரத்தைக் கணிக்க வேண்டும். அதுவும் மிக உயர்ந்த நிலைப் போட்டிகளின் திறந்தவெளிச் சுற்றில் குதிரை ஓடுவது நிமிடத்துக்கு 570 மீட்டர். ஆனாலும் அவர் திரும்பி வந்தார். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் அணித் தங்கம், 2022இல் இங்கிலாந்தின் பேட்மின்டன் என்ற ஊரில் நடக்கும் ஈவென்டிங் போட்டியில் முதலிடம், 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் அணித் தங்கத்தோடு தனிநபர் வெண்கலம். மூன்றிலும் அவர் ஏறியது ஒரே குதிரை, லண்டன் 52.