ரூப் கோல்ட்பெர்க் பொறி: சொல் விளக்கம்

சின்ன வேலை ஒன்றை வேண்டுமென்றே சுற்றி வளைத்து, ஒன்று இன்னொன்றைத் தட்ட, அது மற்றொன்றை இழுக்க, கடைசியில் ஒருவழியாகச் செய்து முடிக்கும் அமைப்புக்கு ஆங்கிலத்தில் ‘ரூப் கோல்ட்பெர்க் மெஷின்’ என்று பெயர். தேவையில்லாமல் சிக்கலாக்கிய சட்டத்தையும் மென்பொருளையும் திட்டவும் இதே பெயர்தான்.

பெயருக்குச் சொந்தக்காரர் அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் ரூபன் கோல்ட்பெர்க். 1883இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்து, நகரத்தின் குடிநீர், கழிவுநீர்த் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். ஆறு மாதம் தாங்கியதே பெரிது. அப்புறம் பத்திரிகையில் விளையாட்டுப் போட்டிகளைப் பற்றிய கேலிச்சித்திரங்கள், 1907இல் நியூயார்க், நாடு முழுக்கப் பேர். 1930இல் ‘சூப் டு நட்ஸ்’ என்ற நகைச்சுவைப் படத்துக்குக் கதையும் எழுதினார்.

படித்த பொறியியல் வீணாகவில்லை. பேராசிரியர் லூசிபர் கார்கன்சோலா பட்ஸ் என்றொரு பாத்திரத்தைப் படைத்தார் (நடுப்பெயர் ஒரு பாலாடைக்கட்டியுடையது!). அந்தப் பேராசிரியர் கண்டுபிடித்ததாக வரைந்த ‘தானியங்கிக் கைத்துண்டு’ படம் 1931இல் வந்தது. சூப் கரண்டியை வாய்க்குத் தூக்கினால் கயிறு இழுபடும். அகப்பை ஒன்று பிஸ்கட்டை எறியும். அதைப் பிடிக்கக் கிளி தாவும். கிளி இருந்த கொம்பு சாய்ந்து விதைகள் வாளியில் கொட்டும். வாளியின் கனத்தில் லைட்டர் பற்றி ராக்கெட் வாணம் கிளம்பும். அதோடு கட்டிய அரிவாள் ஒரு நூலை அறுக்கும். கடைசியில் ஊசலில் தொங்கும் துணி ஆடி ஆடி மோவாயைத் துடைக்கும். ஒவ்வொரு கண்ணியையும் தனியே பார்த்தால் தர்க்கம் சரி. சிரிப்பே அங்குதான்.

அதே 1931இல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி அவர் பெயரைப் பெயரடையாகவே ஏற்றது. அப்போது அவருக்கு வயது 48தான். பிரிட்டனில் இதே பொருளுக்கு அந்நாட்டு ஓவியர் ஹீத் ராபின்சனின் பெயரைச் சொல்வார்கள். கோல்ட்பெர்க் 1948இல் அணுகுண்டைப் பற்றிய கருத்துப்படத்துக்குப் புலிட்சர் பரிசு பெற்றார், 1970இல் மறைந்தார்.

தமிழில்? ‘சுற்றுவழிப் பொறி’ என்றால் பொருள் வந்துவிடும், சிரிப்பு வராது. ‘கோணங்கிப் பொறி’ என்பது என் தேர்வு: கோணங்கி கோமாளி, கோணல் என்ற ஒலியும் உள்ளே இருக்கிறது. சட்டத்தையும் அலுவலக நடைமுறையையும் திட்டுவதற்குப் புதுச்சொல்லே வேண்டாம். ‘தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை’ என்று எப்போதோ சொல்லி வைத்திருக்கிறோம்.