எலிக்காய்ச்சல்: எலி கடித்துத்தான் வருமா?

மாரி தொடங்கி வட்டைக்குள் (வயல்வெளிக்குள்) தண்ணீர் ஏறினால் மட்டக்களப்பு, அம்பாறை ஆஸ்பத்திரிகளில் அடிக்கடி காதில் விழும் சொல் எலிக்காய்ச்சல். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையிலிருந்து காய்ச்சலோடு வந்த ஒரு பெரியவரிடம் நேர்ஸ் இந்தப் பெயரைச் சொன்னதும், “என்னை எலி ஒண்டும் கடிக்கல்லயே மகள்” என்று காலைத் தூக்கிக் காட்டினார். பல்லுத்தடம் இல்லைதான். ஆனால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வெள்ளையாக ஊறிக் கிடந்தது. கிருமிக்கு அந்த வாசல் போதும்.

அவரில் பிழையில்லை, சொல் அப்படி. உடல் காய்வதால் காய்ச்சல். அதற்கு முன்னால் வருகிற சொல் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு வேலை செய்கிறது. நெருப்புக்காய்ச்சல் (டைபாய்டை இங்கே அப்படித்தான் சொல்வோம்) நெருப்புப் போலச் சுடுவது. மூளைக்காய்ச்சல் மூளையைப் பிடிப்பது. எலிக்காய்ச்சல் எலியால் வருவது. தமிழ் வாத்தியாரைக் கேட்டால், மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்பார். இங்கே மறைந்து நிற்பது ‘ஆல் வரும்’ மட்டுமல்ல; எலியின் சிறுநீரும், அது கலந்த வயல் தண்ணீரும் சேர்ந்தே மறைந்துவிட்டன. எலி கடித்து வருவதற்கு எலிக்கடிக் காய்ச்சல் என்று தனிப்பெயர் இருக்கிறது. அதன் கிருமியே வேறு.

சிங்களத்தில் ‘மீ உண’. மீயா எலி, உண காய்ச்சல். எருமைக்கும் அங்கே ‘மீ ஹரக்கா’ என்றுதான் பெயர். தற்செயல் என்றாலும் பொருத்தம்தான்: எருமை, மாடு, பன்றி, நாய் எல்லாமே இந்தக் கிருமியைச் சிறுநீரில் கழிக்கக்கூடியவை. பட்டி மாடு நின்ற வயலும் கவனிக்க வேண்டிய இடம்தான்.

மருத்துவப் பெயர் லெப்டோஸ்பைரோசிஸ். கிரேக்கத்தில் லெப்டோஸ் என்றால் மெல்லிய, ஸ்பைரா சுருள். ஜெர்மன் வைத்தியர் அடோல்ஃப் வைல் 1886இல் நோயை விவரித்தபோது கிருமி தெரியாது. 1907இல் ஸ்டிம்சன் என்பவர் மஞ்சள் காய்ச்சலில் இறந்ததாக நினைத்த ஒருவரின் சிறுநீரகத்தில் அதைக் கண்டார். நுனி வளைந்து கேள்விக்குறி போல இருந்ததால் ‘இன்டெரோகன்ஸ்’ என்று பெயர் வைத்தார். லெப்டோஸ்பைரா என்ற பேரினப் பெயர் 1917இல் ஜப்பானியரான நொகுச்சி வைத்தது.

நேரே தமிழாக்கினால் ‘மென்சுருளி நோய்’ என்று வரும். பற்றீரியாவைப் படிக்கும் பிள்ளைக்கு அது உதவலாம். வரம்பில் நிற்பவருக்கு ஒன்றும் விளங்காது. எலிக்காய்ச்சலே இருக்கட்டும் என்பேன்.

கேள்விக்குறி என்ற பெயர் இன்னொரு வகையிலும் பொருந்துகிறது. கிருமி ஏறி ஒன்றிரண்டு கிழமைக்குள் காய்ச்சல், தலையிடி, கண் சிவத்தல், கெண்டைக்கால் சதையைத் தொட்டாலே நோவு. டெங்கும் மழையோடுதான் வருகிறது, இரண்டும் முதல் நாட்களில் ஒரே மாதிரி. கண் மஞ்சளித்தால் செங்கமாரி (மஞ்சள் காமாலை) என்று நாட்டு வைத்தியம் செய்யும் பரிகாரியாரிடம் போய்விடுகிறோம். அதற்குள் சிறுநீர் குறைந்தால் சிறுநீரகம் அடிபடுகிறது என்று அர்த்தம். கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்புடல் இரத்தப் பரிசோதனையில் தெரியக் கிட்டத்தட்ட ஒரு கிழமை பிடிக்கும், ஆகவே சந்தேகம் வந்தாலே பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் பெனிசிலின், டொக்சிசைக்ளின் போன்ற மருந்தைத் தொடங்கிவிடுவார்கள். பனடோலைப் போட்டுக்கொண்டு வீட்டில் கிடப்பதுதான் ஆபத்து.

வயலில் இறங்குகிறவர்களுக்கு பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) மூலம் தடுப்பு மாத்திரை கிடைக்கும்: டொக்சிசைக்ளின் 200 மில்லிகிராம், கிழமைக்கு ஒருமுறை, சாப்பிட்ட பிறகு. இறங்கும் முன்பே தொடங்க வேண்டும். கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் டொக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. மாத்திரை எடுத்தவருக்குக் காய்ச்சல் வந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போனால் எந்த வட்டையில், எத்தனை நாளைக்கு முன் இறங்கினீர்கள் என்பதை அவர்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.